பழைய கணினியில் லினக்ஸ்: பொறுப்பு யாருடையது?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாற வேண்டுமானால், இன்டெல் செயலி குறைந்தது எட்டாம் தலைமுறையாக இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் இருக்க வேண்டும். எட்டாம் தலைமுறைச் செயலிகள் சந்தைக்கு வந்ததே 2017-ல்தான். பல்லாவரத்தில் தொடங்கி தாம்பரம், பெருங்களத்தூர் வழியாகக் கூடுவாஞ்சேரி வரை ஜிஎஸ்டி சாலையை ஒட்டியிருக்கும் டிடிபி மையங்கள், ஜெராக்ஸ் கடைகள், ஆடிட்டர் அலுவலகங்கள், சின்னப் பள்ளிகளின் கணினி அறைகள் எல்லாவற்றிலும் அதற்கு முந்தைய கணினிகளைத் தாராளமாகப் பார்க்கலாம். ஐடி நிறுவனங்கள் குத்தகை முடிந்து கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி காம்பேக், லெனோவா திங்க்சென்டர் கணினிகள் ரிச்சி தெரு வழியாகவும் உள்ளூர்க் கடைகள் வழியாகவும் இரண்டாவது வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று கேட்டால், சர்வீஸ் கடைக்காரரிலிருந்து பொறியியல் கல்லூரி மாணவர் வரை எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், காசில்லை, வைரஸ் தொல்லையில்லை, பழைய மெஷினும் பறக்கும்.

அறிவுரை தவறில்லை; அரைகுறையானது. ஓஎஸ் போட்ட சில வாரங்களில், ‘திடீர் திடீரென ஹேங் ஆகிறது’, ‘அப்டேட் போட்டதும் திரை கறுப்பாகிவிட்டது’ என்று சிபியுவைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருகிறவர்கள் நிறைய. லினக்ஸ் ஆர்வலர்கள் உடனே ஹார்டுவேர் மீது பழியைப் போடுவார்கள். கடைக்காரர் இலவசப் பொருள் அப்படித்தான் இருக்கும் என்பார். வாடிக்கையாளர் மறுநாளே திருட்டு விண்டோஸுக்குப் போய்விடுவார். இந்த மூன்று பேரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். நிலைத்தன்மை இயங்குதளத்துக்குள் பொதிந்து கிடக்கும் குணம் என்று நினைக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட கணினி மாடலில், ஒரு குறிப்பிட்ட பதிப்பை, யாரோ ஒருவர் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பதில் சொல்லத் தயாராக இருக்கும் இடத்தில்தான் லினக்ஸ் அசையாமல் நிற்கிறது. அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் அது அதிர்ஷ்டத்தை நம்பி ஓடுகிறது. அந்த ஒருவர் யாராக இருக்க வேண்டும் என்ற கேள்விக்குத் தென்சென்னையிலேயே பதில் இருக்கிறது என்பதுதான் என் வாதம்.

முதலில் இந்த ‘ஹேங்’ என்பது என்னவென்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். 4 ஜிபி ரேமும் சுழலும் ஹார்டு டிஸ்கும் உள்ள ஒரு கணினி. பிரவுசரில் ஒரு டேபில் ஜிமெயில், இன்னொன்றில் ஜிஎஸ்டி தளம், மூன்றாவதில் யூடியூப், கூடவே லிப்ரே ஆபீஸில் ஒரு கணக்குத் தாள். ஏதோ ஒரு கணத்தில் ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரியத் தொடங்கும். மவுஸ் அம்பு ஓர் அங்குலம் நகர்ந்து நின்றுவிடும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி வெறும் எழுத்துத் திரைக்குப் போகலாம் என்றால் அதுவும் வராது. பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதைத் தவிர வேறு வழி தெரியாது. வேடிக்கை என்னவென்றால், இங்கே எதுவுமே பழுதாகவில்லை. ரேம் நிரம்பி வழியும்போது, டிஸ்கிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும் பக்கங்களை லினக்ஸின் மையமான கர்னல் வெளியே தள்ளுகிறது. அப்படித் தள்ளப்படுபவற்றில், ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கட்டளைகளும் அடக்கம். அடுத்த நொடியே அந்தக் கட்டளை தேவைப்படுகிறது, டிஸ்கிலிருந்து எடுக்கிறது, அதற்கு இடம் பண்ண இன்னொன்றைத் தள்ளுகிறது. சின்ன மேசையை வைத்துக்கொண்டு, ஒரு ஃபைலைத் திறக்க இன்னொன்றைப் பீரோவில் வைத்துவிட்டு வரும் குமாஸ்தாவின் பொழுதெல்லாம் பீரோவுக்கு நடப்பதிலேயே கழிவது போலத்தான். ரேம் அடியோடு தீர்ந்தால் ஏதேனும் ஒரு நிரலைக் கொன்று கணினியை மீட்கும் ஏற்பாடு கர்னலில் உண்டு. ஆனால், ‘இன்னும் கொஞ்சம் கிடைக்கிறதே’ என்று கர்னல் நம்பிக்கொண்டிருக்கும் வரை அந்த ஏற்பாடு கண் விழிப்பதில்லை.

இது நான் கண்டுபிடித்துச் சொல்லும் குறை இல்லை. 2019 ஆகஸ்டில் ஆர்டெம் டாஷ்கினோவ் என்பவர் 4 ஜிபி ரேம் கணினியில் இதைச் செய்து பார்க்கும் முறையையே விளக்கி, கர்னல் உருவாக்குநர்களிடம் நேரடியாகக் கேட்டார். அதற்கு முன்பே, 2018 இறுதியில் வந்த 4.20 கர்னலில், ரேம் நெருக்கடி எந்த அளவில் இருக்கிறது என்பதை அளந்து சொல்லும் பிஎஸ்ஐ என்ற வசதியை ஃபேஸ்புக்கில் பணியாற்றிய யோஹானஸ் வைனர் சேர்த்திருந்தார். அந்த அளவைப் பார்த்துத் தக்க நேரத்தில் ஒரு நிரலை மூடிவிடும் சிஸ்டம்டி-ஊம்டி என்ற காவலாளி, ஃபெடோரா 34, உபுண்டு 22.04 ஆகிய லினக்ஸ் பதிப்புகளில் வந்தது. உபுண்டுவில் அது வந்த புதிதில் நடந்தது இன்னொரு கூத்து: கணினி உறைவதற்குப் பதிலாகப் பிரவுசர் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டது. பயனாளர்கள் கத்தியதும் அமைப்புகளை மாற்ற வேண்டியிருந்தது. எந்தப் பக்கத்தை முதலில் தள்ளுவது என்று தீர்மானிக்கும் முறையையே மாற்றியெழுதிய கூகுளின் பங்களிப்பு, 2022 டிசம்பரில் வந்த 6.1 கர்னலில் சேர்ந்தது. ஆக, தீர்வுகள் இருக்கின்றன. அவை எந்தப் பதிப்பில் இருக்கின்றன, எதில் முடுக்கிவிடப்பட்டிருக்கின்றன, 4 ஜிபி கணினிக்கு எந்த அளவு சரி என்பதைத் தாம்பரம் சண்முகம் சாலையில் கடை வைத்திருப்பவர் எங்கே போய்த் தெரிந்துகொள்வார்? அவருக்குத் தெரிந்தது, பென்டிரைவில் இருக்கும், லினக்ஸை நிறுவும் ஒரு ஐஎஸ்ஓ கோப்பு மட்டுமே.

ஒர்க்ஸ்டேஷன் எனப்படும் கனரகக் கணினிகளின் கதை வேறு. வரைபடம் போடுகிறவர்களும் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறவர்களும் தேடி வாங்கும் டெல் பிரிசிஷன், எச்பி இசட் வரிசைக் கணினிகள் உண்மையிலேயே நல்ல கட்டுமானம்: ஸியான் செயலி, பிழை திருத்தும் ரேம், கனமான எஸ்எம்பிஎஸ். பத்து வருடம் கழித்தும் அவற்றின் செயலிக்கு வயதானது போலத் தெரியாது. சிக்கல் அவற்றுக்குள் செருகியிருக்கும் என்விடியா குவாட்ரோ கார்டில் இருக்கிறது. ஃபெர்மி தலைமுறையைச் சேர்ந்த குவாட்ரோ 600, 2000 போன்றவற்றுக்கான 390 வரிசை டிரைவரை என்விடியா 2022 இறுதியோடு கைவிட்டது. அடுத்த தலைமுறையான கெப்லரின் கே600, கே2000 கார்டுகளுக்கான 470 வரிசை 2024-ல் முடிந்தது. இந்த டிரைவர்களின் மூலநிரல் மூடப்பட்டது; ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் அதன் ஒரு பகுதியைக் கணினியிலேயே மறுபடி கட்டிக்கொள்ள வேண்டும். கர்னலின் உள் அமைப்பு மாறினால் பழைய டிரைவர் கட்டுப்படாது. அப்டேட் போட்ட மறுநாள் காலையில் கறுப்புத் திரை வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நூவோ என்ற திறந்த டிரைவர் இருக்கிறதே என்றால், அது நிறுவனத்தின் போதிய உதவியில்லாமல், கார்டின் நடத்தையை வெளியிலிருந்து கவனித்துத் தன்னார்வலர்கள் எழுதியது. அரிய உழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் ஃபெர்மி கார்டுகளில் அதனால் கடிகார வேகத்தைக் கூட்ட முடிவதில்லை. சரி, கார்டையே கழற்றிவிடலாம் என்றால், பல ஸியான் செயலிகளில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. அதே வயதுடைய சாதாரண ஐ5 கணினி, இன்டெலின் திறந்த டிரைவரோடு சுகமாக ஓடிக்கொண்டிருக்கும். விலை உயர்ந்த பழைய கணினி மலிவான பழைய கணினியைவிட அதிகமாகத் தொல்லை தருகிற இந்த விசித்திரம், வாங்கும்போது யாரும் சொல்லித்தராத ஒன்று.

மலிவு மடிக்கணினிகளும் தப்பவில்லை. இன்டெலின் பே டிரெயில் வரிசைச் செயலிகள் போட்டவை, லினக்ஸில் முன்னறிவிப்பே இல்லாமல் அப்படியே உறைந்தன. 2015 டிசம்பரில் கர்னலின் வழுப் பதிவேட்டில் ஏறிய இந்தப் புகார் ஆண்டுக்கணக்கில் நீண்டது. செயலி ஓய்வெடுக்கும்போது எவ்வளவு ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகலாம் என்பதில் சிக்கல். ஆழ்ந்து தூங்கவிடாமல் ஒரு கட்டளையைத் தொடக்க அமைப்பில் சேர்த்தால் உறைவது நின்றது, பதிலாக பேட்டரி சீக்கிரம் காலியானது. அந்த ஒற்றை வரி தெரிந்தவருக்கு அது நல்ல கணினி; தெரியாதவருக்குக் குப்பை.

ஹார்டுவேரின் மூப்பையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். உப்பிப்போன கெபாசிட்டர், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், தூசி அடைத்த மின்விசிறி, மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் தளர்ந்த எஸ்எம்பிஎஸ் ஆகியவை எந்த ஓஎஸ்ஸையும் சாய்த்துவிடும். கடற்காற்றின் ஈரம் ஏறும் நம் ஊரில் ரேமின் தங்க நிறத் தொடுமுனைகளில் பாசி போல ஒன்று படிவதும், டெக்னீஷியன் பள்ளிக்கூட ரப்பரால் அதைத் தேய்த்துவிட்டுத் திரும்பச் செருகுவதும் அன்றாடக் காட்சி. லினக்ஸ், காலியாக இருக்கும் ரேம் அத்தனையையும் டிஸ்க் கேச்சுக்குப் பயன்படுத்திக்கொள்ளும் சுபாவம் கொண்டது. எங்கோ ஒரு மூலையில் கெட்டுப்போன செல் இருந்தால் அதைத் தொடாமல் விடாது. அன்று விழும் கணினியைப் பார்த்து ‘லினக்ஸ் போட்டதிலிருந்துதான்’ என்பது அநியாயம். ஆனால் இதைச் சாக்காக வைத்து எல்லாப் புகாரையும் ஹார்டுவேர் மீது தள்ளுவதும் அநியாயம்தான். மெம்டெஸ்ட் நிரலை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டால் ரேம் பற்றிய சண்டை தீர்ந்துவிடும். அதைச் செய்யாமல் இரு தரப்பும் வாதாடுவதுதான் நடக்கிறது.

பழைய கணினிக்கு லினக்ஸ் என்றைக்கும் கைகொடுக்கும் என்ற நம்பிக்கையும் மெல்லக் கரைகிறது. லினக்ஸ் பிறந்ததே 1991-ல் ஒரு 386 கணினியில்தான். அந்த 386-க்கான ஆதரவை 2012 டிசம்பரில் கர்னலிலிருந்து நீக்கினார்கள், அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கண் கலங்கவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ 32 பிட் கணினிகளில் நிறுவ முடியாது. 32 பிட் லினக்ஸுக்கான குரோம் 2016-லேயே நின்றது. ஃபயர்ஃபாக்ஸும் 144-ம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. 64 பிட்டிலும் கோடு நகர்கிறது: ரெட்ஹேட்டின் 10-ம் பதிப்பு, ஏறக்குறைய 2013-க்கு முந்தைய இன்டெல் செயலிகளை ஏற்பதில்லை. ஆறு ஆண்டு பராமரிக்கப்பட்ட நீண்டகாலக் கர்னல்களுக்கு இனி இரண்டு ஆண்டுதான் என்று 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. இதற்குப் பின்னால் சதி எதுவும் இல்லை. ஆள் இல்லை, மெஷின் இல்லை என்பதே காரணம். 2019-ல் கர்னலின் ஃபிளாப்பி டிரைவர் அநாதையாக அறிவிக்கப்பட்டதை நினைத்துப் பார்க்கலாம். அதைப் பராமரித்துவந்தவரிடம் ஓடுகிற ஃபிளாப்பி டிரைவ் இல்லாமல் போனதுதான் காரணம். பிறகு வேறொருவர் முன்வந்து ஏற்றுக்கொண்டதால் அது பிழைத்தது. கர்னலுக்கு எழுதுபவர்களில் பெரும்பாலோர் நிறுவனங்களில் சம்பளம் வாங்குபவர்கள். அவர்கள் மேசையில் இருப்பது இந்த வருடத்துக் கணினி. பயனாளரைப் பாதிக்கும் மாற்றத்தை விடக் கூடாது என்று டோர்வால்ட்ஸ் கடுமையாக வைத்திருக்கும் விதிகூட, பாதிக்கப்பட்ட கணினியை வைத்திருப்பவர் உரிய இடத்தில் சொன்னால்தான் செல்லுபடியாகும். சேலையூரில் உறைந்துபோகும் ஒரு கணினியைப் பற்றி அவர்களுக்குச் சேதி போவதே இல்லை.

இங்கேதான் நம் ஊருக்கு இருக்கும் வாய்ப்பைச் சொல்ல வேண்டும். நாட்டின் கட்டற்ற மென்பொருள் முயற்சியின் வீடு தென்சென்னைதான். 2005-ல் மத்திய அரசு தொடங்கிய கட்டற்ற, திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தியவை இரண்டு நிறுவனங்கள்: தரமணி டைடல் பார்க்கில் இருக்கும் சி-டாக் சென்னை, குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆராய்ச்சி மையம். அங்கிருந்துதான் டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ், அதாவது பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ், 2007 ஜனவரியில் வெளியானது. ஏறக்குறைய அதே காலத்தில் சி.உமாசங்கர் தலைமையில் இருந்த தமிழக அரசு நிறுவனமான எல்காட், அரசு அலுவலகங்களை சூசே லினக்ஸுக்கு மாற்றும் வேலையில் இறங்கியது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து லட்சக்கணக்கான மாணவர் கைகளுக்குப் போனது. உலகில் வேறெந்த மாநிலத்திலாவது இவ்வளவு வீடுகளுக்கு ஒரே சமயத்தில் லினக்ஸ் போயிருக்குமா என்பது சந்தேகமே. அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். வைஃபை பிடிக்கவில்லை, பாட்டு கேட்கவில்லை என்றபோது கேட்க ஆளில்லை. லினக்ஸ் இருந்த பகுதியை ஃபார்மேட் போட்டு அழித்து, இடத்தை விண்டோஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். பாஸ் லினக்ஸ் நின்றுவிடவில்லை; அடுத்தடுத்த பதிப்புகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கொடுத்த கணினியோடு இருந்த தொடர்பு மட்டும் அறுந்துபோனது.

தொடர்பை அறுக்காமல் வைத்திருந்தவர்கள் என்ன சாதித்தார்கள் என்பதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. கேரளத்தின் ஐடி@ஸ்கூல் திட்டம் 2001-ல் தொடங்கியது; இப்போது கைட் என்ற பெயரில் இயங்குகிறது. உபுண்டுவின் 18.04, 22.04 போன்ற நீண்டகாலப் பதிப்புகளை எடுத்து, தேவையானவற்றைச் சேர்த்து, வேண்டாதவற்றை நீக்கி, பள்ளிகளுக்கென்று ஒரே பதிப்பாக வெளியிடுகிறது. பாடத்திட்டமும் அதை வைத்தே எழுதப்படுகிறது. ஆசிரியர்களுக்கு அதில்தான் பயிற்சி. ஒரு பள்ளியில் வரும் சிக்கலுக்கான தீர்வு மற்றப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர வழி இருக்கிறது. பிரான்ஸின் ஜான்டார்மரி காவல்படை 2008 முதல் உபுண்டுவுக்கு மாறத் தொடங்கி, இன்று சுமார் 1 லட்சம் கணினிகளைத் தன் சொந்தக் குழுவைக்கொண்டு ஓட்டுகிறது. நம் பாதுகாப்பு அமைச்சகமும் 2023-ல் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட மாயாவைக் கையில் எடுத்தது. இவர்கள் போட்டிருப்பதும் அதே லினக்ஸ்தான். வித்தியாசம், எந்தக் கணினியில் என்ன ஓடும் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்ல அங்கே சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சியை எதிர்வாதமாகக் காட்டுவார்கள். 2003-ல் முடிவெடுத்து, சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி, 2017-ல் விண்டோஸுக்கே திரும்ப முடிவுசெய்தது அந்நகரம். அங்கே அரசியல் இருந்தது, ஆவணப் பொருத்தச் சிக்கல் இருந்தது, நகராட்சியின் ஐடி நிர்வாகம் பல துண்டுகளாகச் சிதறிக் கிடந்ததும் இருந்தது. லினக்ஸைச் சேர்ந்த குறைகளும் இருந்திருக்கும், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பத்தாண்டுக்கு மேல் ஒரு மாநகரத்தை அது ஓட்டியது என்பதும் அதே கணக்கில்தான் வர வேண்டும். அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-ல் சுமார் 30,000 கணினிகளைத் திறந்த மூல மென்பொருளுக்கு மாற்றும் முடிவை எடுத்திருக்கிறது.

இன்னொரு எதிர்வாதம் வலுவானது: பழைய கணினிகளை ஏன் கட்டி அழ வேண்டும்? மின்சாரம் அதிகம் தின்கின்றன, உதிரிப்பாகம் கிடைப்பதில்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாமே. பென்டியம் 4-க்கும் கோர் 2 டுயோவுக்கும் இது பொருந்தும். அவற்றைக் காப்பாற்றப் பொதுப்பணத்தில் ஒரு ரூபாய்கூடச் செலவிடக் கூடாது என்பதே என் கருத்து. ஆனால் நான்காம் தலைமுறையிலிருந்து ஏழாம் தலைமுறை வரையிலான ஐ3, ஐ5 கணினிகள் வேறு. 8 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டால், கணக்கு எழுத, கடிதம் அடிக்க, அரசுத் தளங்களில் படிவம் நிரப்ப அவற்றுக்கு எந்தக் குறையும் இல்லை. அவற்றைக் குப்பையாக்குவது, விண்டோஸ் 11-ன் ஒரு நிபந்தனைக்காக நல்ல சரக்கைக் கொட்டுவது. புதிய மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் நாட்டில், பயன்பாட்டை நீட்டிப்பதுதான் முதல் தெரிவாக இருக்க வேண்டும்.

கூகுளின் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்களும் உண்டு. கூகுள் கணக்கும் இணையமும் இல்லாமல் அதன் பயன் குறுகியது. டிடிபி மையத்துக்கு அது உதவாது. ஆனால் அதிலிருந்து கற்க ஒன்று இருக்கிறது. எந்தெந்தப் பழைய மாடல்களில் அது சரியாக ஓடும், எதில் எது வேலை செய்யாது, எந்த ஆண்டு வரை ஆதரவு உண்டு என்ற பட்டியலை கூகுள் வெளியிடுகிறது. கனானிக்கல் நிறுவனமும் உபுண்டுவுக்குச் சான்றளித்த கணினிகளின் பட்டியலை வைத்திருக்கிறது. பணம் பார்க்கும் நிறுவனங்கள் பட்டியல் போடுவது தர்மசிந்தனையால் இல்லை. பட்டியல் இல்லாமல் நிலைத்தன்மையை யாராலும் உறுதிசொல்ல முடியாது என்று அவர்களுக்குத் தெரியும்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பது கடைசி எதிர்வாதம். தன்னார்வலர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்ததில் குறை சொல்வது நன்றிகெட்டதனம் என்கிறார்கள். எந்த உத்தரவாதமும் இல்லை என்று ஜிபிஎல் உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. ஆகவே எழுதியவர்களிடம் சண்டைக்குப் போக நமக்கு உரிமையில்லை, ஒப்புக்கொள்கிறேன். இலக் சென்னை போன்ற பயனர் குழுக்களும் கணியம் போன்ற அமைப்புகளும் கைக்காசையும் ஓய்வு நேரத்தையும் செலவிட்டுத் தமிழில் லினக்ஸ் சொல்லித்தருவது பெரிய காரியம். அவர்கள் தலையில் இன்னும் சுமையை ஏற்றக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வேலை அரசு நிறுவனத்தின் கடமை என்கிறேன். 2015-லேயே திறந்த மூல மென்பொருளை ஏற்கும் கொள்கையை மத்திய அரசு அறிவித்துவிட்டது. ஏற்பது என்றால் பராமரிப்பதையும் சேர்த்துத்தான்.

செலவும் பெரிதில்லை. சந்தையில் அதிகம் புழங்கும் இருபது, முப்பது பழைய மாடல்களை வாங்கி குரோம்பேட்டையிலோ தரமணியிலோ ஓர் அறையில் வரிசையாக வைக்க வேண்டும். பாஸ், டெபியன், உபுண்டு ஆகியவற்றின் ஒவ்வொரு அப்டேட்டையும் முதலில் அங்கே ஓட்டிப் பார்க்க வேண்டும். உறைந்தால் பதிவெடுத்து, டெபியனுக்கோ கர்னல் குழுவுக்கோ முறையாகப் புகார் அனுப்ப வேண்டும். அப்போதுதான் நம் ஊர்க் கணினியின் சேதி அவர்கள் காதுக்கு எட்டும். எம்ஐடி வளாகத்தில் இதற்குப் பயிற்சி பெற்ற மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. இறுதியாண்டு புராஜெக்ட் என்று எங்கோ விலைக்கு வாங்கும் அறிக்கையைவிட இது அவர்களுக்கு நல்ல படிப்பு. இந்த மாடல், இந்தப் பதிப்பு, இந்தக் குறை, இந்த மாற்றுவழி என்று எளிய தமிழில் ஒரு பட்டியல் மாதாமாதம் வெளிவந்தால், சர்வீஸ் கடைக்காரர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஐஎஸ்ஓ போட வேண்டியிருக்காது.

அதுவரை பழைய கணினிக்கு லினக்ஸ் போட நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: முதலில் பென்டிரைவிலிருந்தே ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், இரவில் மெம்டெஸ்ட் ஓடட்டும், பழைய குவாட்ரோ கார்டு போட்ட ஒர்க்ஸ்டேஷனை விலை மலிவு என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள், புதிய பதிப்பு வந்த அன்றே மாறாதீர்கள். சி-டாக்குக்கும் எல்காட்டுக்கும் ஒரு வேண்டுகோள்: 2011 முதல் அரசு வாங்கி வழங்கிய மடிக்கணினி மாடல்கள் அத்தனையும் கொள்முதல் பதிவேடுகளில் இருக்கும். முதல் பட்டியலை அங்கிருந்தே தொடங்குங்கள்.